கல்லில் இல்லாத கல்வெட்டு

தம்பி,

நீ போனை எடுக்காததால்தான் எழுதுகிறேன் என்று நினைக்காதே. எடுத்திருந்தாலும் இதை வாயால் சொல்லும் துணிவு எனக்கு வந்திராது. முகத்துவாரத்தில் நீ இருக்கும் அறையின் விலாசத்தை அம்மாதான் தந்தாள். தந்தவள் சும்மா தரவில்லை. "இதிலயாவது கதை அளக்காமல் எழுதுங்கோ" என்று சொல்லித்தான் தந்தாள். அதனால் விஷயத்தை முதலிலேயே போட்டு உடைக்கிறேன். எங்கள் பரம்பரையின் முதல் ஆள் என்று நான் உனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்த சோழத் தளபதி முகில்வளவன் என்று ஒருவர் இருந்ததே இல்லை. அவர் ஒரு வார இதழின் தொடர்கதையில் வந்த ஆள். அந்த இல்லாத மனிதரைக் காட்டித்தான் நீ கட்ட இருந்த புவனாவின் அப்பாவை நான் என் வீட்டு ஹோலில் வைத்து அவமானப்படுத்தினேன். அவள் உன்னை வேண்டாம் என்றதும், நீ வீட்டை விட்டுப் போனதும் அதன் பிறகுதான். இனி நான் எழுதப்போவதெல்லாம் இது எப்படி நடந்தது என்பதுதான். சாட்டுப்போக்குச் சொல்வதாக உனக்குப் பட்டால், படட்டுமே, வாசித்து முடி.

நான் அந்தத் தொடரை வாசித்தபோது எனக்குப் பதினாறு வயது. கொழும்பில், வெள்ளவத்தையில் காலி வீதியில் இருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் ஒரு கடை இருந்தது. இந்தியாவில் இருந்து சஞ்சிகை கப்பலில் வந்து சேர மூன்று நான்கு கிழமை பிந்தும். எனக்கு முன் இருபது பேர் வாசித்து, ஓரம் எல்லாம் எண்ணெய் பிடித்து என் கைக்கு வரும். அந்தக் காலத்தில் உன் அப்பப்பாவோடு பஸ்ஸில் போனால், நான் வாயைத் திறக்க முதல் அவர் என் கையை அமத்துவார். தமிழில் கதைக்காதே என்று அர்த்தம். வீட்டுப் படி இறங்கினால் ஊமை, ஏறினால் பேச்சு, அப்படித்தான் நாங்கள் வளர்ந்தோம். அப்படி இருந்த பொடியனுக்கு, பொலன்னறுவைத் தெருவில் ஒரு மனிதன் குதிரை மேல் இருந்து நாலு பேருக்குக் கேட்கத் தமிழில் கட்டளை போடுகிறான் என்று வாசித்தால் எப்படி இருக்கும், சொல்லு பார்ப்போம். வாள் எனக்குப் பெரிதாகப் படவில்லை. இதே நாட்டில், வெட்டவெளியில், உரத்த குரலில் ஒருவன் தமிழில் கத்துகிறான், ஒருவரும் அவனை அடிக்க வரவில்லை! அன்றைக்கு நான் அழுதேன்.

பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் சோழர் ஆட்சிக்கு ஒன்றரைப் பக்கம். ராசாவின் பெயர், ஆண்டு, எந்த நகரைத் தலைநகராக்கினார்கள், அவ்வளவுதான். நாவலில் அந்த ஒன்றரைப் பக்கத்துக்குள் வெயில் அடித்தது, மழை பெய்தது, குதிரைக்குக் காலில் முள் குத்தியது. புத்தகத்தில் படித்தது சோதனை முடிய மறந்து போனது. நாவலில் வாசித்தது நான் கண்ணால் கண்டது மாதிரி உள்ளே போய் இருந்துவிட்டது. இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. நீ யாரிடமாவது அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டுப் பார், அவர் சொல்வதில் பாதி அவர் வாசித்த ஏதோ ஒரு கதையில் இருந்து வரும், அவருக்கே அது தெரியாது. நாவலாசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கதை என்று சொல்லித்தான் கொடுத்தார். வாங்கின நான்தான் அதைச் சொத்து உறுதி மாதிரிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

கதையின் முடிவில் முகில்வளவன் ஊருக்குத் திரும்புவதில்லை. காலில் காயத்தோடு வடக்கே ஒரு கரையில் ஒதுங்கி, அங்கேயே கல்யாணம் செய்து இருந்துவிடுவான். அந்தக் கரையில் வடக்குப் பார்த்த பிள்ளையார் கோயிலும் அதன் பின்னால் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறும் இருப்பதாக எழுதியிருந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரிலும் வடக்குப் பார்த்த பிள்ளையார். பின்னால் கிணறு. போதாதா! எந்த ஊரில்தான் பிள்ளையாரும் கிணறும் இல்லை என்று இப்போது கேட்கத் தெரிகிறது. பதினாறு வயதில் தெரியவில்லை. பிறகு நீ பிறந்தபோது அந்தப் பெயரையே உனக்கு வைத்தேன். பிறப்புப் பதிவு செய்யப் போன இடத்தில் அந்தச் சிங்கள அலுவலர் உன் பெயரை நாலு தரம் கேட்டு, நாலாம் தரமும் பிழையாக எழுதினார். எனக்குக் கோபம் வரவில்லை, பெருமையாக இருந்தது.

உனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது உன் அப்பப்பா போனார். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிக்கப்போவதால் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தவர்களிடம் கல்வெட்டு என்றால் கல் இல்லை. செத்தவரின் படமும் தேவாரமும் வம்ச வரலாறும் போட்டு அச்சடித்து, அந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகம். வம்ச வரலாறு எழுதும் பொறுப்பு மூத்த மகன் என்று என் தலையில் விழுந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் அப்பா, அவருடைய அப்பா, அவருக்கு மேலே சுருட்டுச் சுற்றிய ஒரு பாட்டன், அவ்வளவுதான். அதற்கு மேல் பெயரே தெரியாது. எழுதினால் அரைப் பக்கம். அச்சகக்காரர், "ஐயா, ரெண்டு பக்கம் வெறுமையாக் கிடக்கு, ஏதும் இருந்தால் தாங்கோ" என்றார். நான் அங்கேயே கிடந்த வாங்குப் பலகையில் இருந்து எழுதிக் கொடுத்தேன். 'சோழப் படையுடன் ஈழம் போந்து பொலன்னறுவைப் போரிலே வாகை சூடிய தளபதி முகில்வளவனின் வழித்தோன்றல்' என்று. எழுதும்போது பொய் எழுதுகிறேன் என்று எனக்குப் படவேயில்லை, சத்தியமாக. நான் வாசித்தது, அது உண்மை, அவ்வளவுதான் மனதில் இருந்தது. வாசித்தது ஒரு கதையில்தான் என்பது எனக்கு உறைக்கவேயில்லை.

அச்சில் வந்தால் அதற்கு ஒரு கொழுப்பு வந்துவிடும். சித்தப்பாமார் அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். கனடாவில் இருக்கும் மாமி அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். நான் வேலை செய்த கந்தோரில் எனக்கு ஒரு சிங்கள நண்பர் இருந்தார், கல்கிசையில் இருந்து ரயிலில் வருவார், சிங்களத்தில் சரித்திர நாவல் ஒன்று விடமாட்டார். மத்தியானம் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடிப்போம். அவருடைய நாவலில் சோழர் விகாரையைக் கொளுத்துவார்கள், என்னுடைய நாவலில் கோயிலுக்கு நிலம் கொடுப்பார்கள். கொளுத்தியதும் நடந்திருக்கும், கொடுத்ததும் நடந்திருக்கும். ஆனால் அவர் வாசித்ததில் பாதி எனக்கு வரவில்லை, நான் வாசித்ததில் பாதி அவருக்குப் போகவில்லை. ஒரு நாள் நான் என் தளபதியை எடுத்து விட்டேன். "செல்லிப்பியே தியெனவத?" என்று கேட்டார், கல்லில் எழுதியிருக்கிறதா என்று. "ஓம், கல்வெட்டில இருக்கு" என்றேன். சொல் ஒன்றுதான். அவர் தோற்றுப்போய்க் குனிந்து சோற்றைப் பிசையத் தொடங்கினார். அந்த ருசி பொல்லாத ருசி, தம்பி.

உனக்கு எட்டு வயதானபோது, அந்தத் தொடர் புத்தகமாக வந்திருப்பதை வெள்ளவத்தையில் ஒரு கடையில் கண்டேன். பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரி ஓடிப்போய் எடுத்தேன். முதல் பக்கங்களில் முன்னுரை. தொடராக வந்த காலத்தில் அது இருக்கவில்லை. ராசாவும் போரும் சரித்திரம், முகில்வளவனோ தன்னுடைய கற்பனை, வாசகர்கள் அவனைச் சரித்திரத்தில் தேடவேண்டாம் என்று ஆசிரியர் பச்சைத் தண்ணீர் மாதிரித் தெளிவாக எழுதியிருந்தார். நின்ற இடத்திலேயே இரண்டு தரம் வாசித்தேன். புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, வாங்காமல் வெளியே வந்தேன். அன்றைக்கே வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன் பெயரை நினைத்தேன், சித்தப்பாமாரை நினைத்தேன், கந்தோர் நண்பரை நினைத்தேன். யாருக்கு என்ன நட்டம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இதுவரைக்கும் செய்தது மடைத்தனம். இனிச் சொல்வது களவு. அதே வருடம், சண்டை ஓய்ந்து பாதைகள் கொஞ்சம் திறந்திருந்த காலம், பள்ளி விடுமுறைக்கு உங்களைப் பொலன்னறுவைக்குக் கூட்டிப் போனேன். கருங்கல்லில் கட்டிய சிவன் கோயிலின் அடிச்சுவரில் பழைய தமிழ் எழுத்து வரி வரியாக இருந்தது. நீ என் கையை இழுத்து, "அப்பா, இதிலயா அவற்ற பேர் இருக்கு?" என்று கேட்டாய். அந்த எழுத்தில் ஒன்றுகூட எனக்கு வாசிக்கத் தெரியாது. முன்னுரையை வாசித்து இரண்டு மாதம் ஆகியிருக்கவில்லை. நான் குனிந்து, ஒரு வரியில் விரலை வைத்து, "ஓம், இதுதான்" என்றேன். நீ அந்த இடத்தில் உன் விரலை வைத்து, அம்மா கூப்பிட்டும் எடுக்காமல் நின்றாய். தம்பி, நான் செய்த எல்லாவற்றையும் நீ மன்னித்தாலும் அதை மட்டும் மன்னிக்க வேண்டாம். அந்தக் கல்லில் என்ன எழுதியிருந்தது என்று நான் இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை. ஏதோ ஒரு சாதாரண ஆள் விளக்கு எரிக்க நெய் கொடுத்ததாக இருக்கலாம். உண்மையாக இருந்த அந்த ஆளை மறைத்துவிட்டு, இல்லாத ஒருவனை அங்கே உனக்குக் காட்டினேன்.

பிறகு வந்தது இந்த வருடத்துக் கதை. புவனாவின் அப்பா பெருமாளும் மனைவியும் சம்பந்தம் கதைக்க வந்தார்கள். கொட்டாஞ்சேனையில் தையல் கடை வைத்திருப்பவர் என்று நீ சொன்னது நினைவிருந்தது. ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் என்று அன்றைக்குத்தான் தெரியும். நாற்காலியில் சாயாமல், நுனியில் இருந்தார். அந்தப் பணிவைக் கண்டதும் எனக்குக் கொம்பு முளைத்தது. முகில்வளவனில் தொடங்கினேன். அவர் கண் விரிய, "கல்வெட்டுல இருக்குங்களா சார்?" என்று கேட்டார். கல் என்றுதான் அவர் நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. "ஓம், கல்வெட்டில இருக்கு" என்றேன். அவர் கை கூப்பினார். அதோடு விட்டேனா? "பெருமாள், நாங்கள் வாளோட வந்த ஆக்கள். நீங்கள் கூடையோட வந்த ஆக்கள். ரெண்டும் ஒண்டில்லை" என்றேன். அவர் மனைவி தேத்தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தார். நீ அறைக்குள் இருந்து வந்து, "அப்பா, நீங்கள் தளபதியின்ர பேரனாவே இருங்கோ, நான் போறன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்தக் கோபத்திலும் நீ தளபதியைச் சந்தேகிக்கவில்லை, பார். அவ்வளவு நன்றாக நான் உனக்குப் புகட்டியிருந்தேன்.

நாலு மாதம் விறைத்துக்கொண்டு இருந்தேன். போன கிழமை உன் அம்மா உன்னுடைய சட்டைகளை அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றாள். ஏன் என்று கேட்டேன். "வந்தால் போடட்டும்" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. முன்னுரையைச் சொன்னேன், பொலன்னறுவையைச் சொன்னேன், எல்லாவற்றையும் கொட்டினேன். அயர்னை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆரோ எழுதின கதைக்கு எங்கட பிள்ளையைக் குடுத்திட்டியள் என்ன?" என்றாள். முப்பத்தைந்து வருடத்தில் அவள் என்னைத் திட்டாத திட்டில்லை. ஆனால் இப்படி மெதுவாக ஒரு நாளும் சொன்னதில்லை.

அடுத்த நாள் காலையிலேயே கல்வெட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பெருமாள் பள்ளிக்கூடத்து வெள்ளைத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி ஸ்டூலைத் துடைத்தார். நான் இருக்கவில்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிப் புரட்டினார்.

"இது புஸ்தகமுங்களே?"

"ஓம். இதுதான் கல்வெட்டு. எங்கட ஆக்கள் செத்தவீட்டுக்கு அடிக்கிற புத்தகத்துக்குப் பேர் அது."

"அப்ப கல்லு?"

"கல் இல்லை. முகில்வளவனும் இல்லை. நான் உங்களை ஏமாத்திப் போட்டன்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் முகம் விழுந்துபோனது. "அப்ப அவரு பொழைக்கலீங்களா?" என்றார். எனக்கு விளங்கவில்லை. பிறகு சொன்னார். அவரும் அதே தொடரைச் சின்ன வயதில் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்து வாசித்தவராம். தோட்டத்தில் யாரோ வாங்கிப் போட்ட பழைய சஞ்சிகைக் கட்டு. "கடைசி ஏழு வாரம் அந்தக் கட்டுல இல்லீங்க சார். கால்ல வெட்டுப்பட்டுக் கடல்ல விழுறாரு, அதோட நிக்குது. செத்தாரா பொழச்சாரான்னு தெரியாமலே வளந்துட்டேன். அன்னைக்கு உங்க வீட்டுல நீங்க அந்தப் பேரச் சொன்னதும் எனக்குப் புல்லரிச்சிருச்சு. பொழச்சு, புள்ளகுட்டி பெத்து, இங்கதான் இருந்திருக்காருன்னு ஒரு சந்தோசம்." அந்தச் சந்தோஷத்தில்தான் அவர் கை கூப்பியிருக்கிறார். நான் அதை என் காலில் விழுந்த மாதிரி எடுத்துக்கொண்டேன்.

தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அந்தக் கடைசி ஏழு வாரத்தையும் அவருக்குச் சொன்னேன். பிழைக்கிறான், கரை ஏறுகிறான், கல்யாணம் செய்கிறான் என்று. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "அந்தக் கப்பல்ல நாலாயிரம் பேரு வந்தாங்கன்னு ஒரு வரி வருமே, ஞாபகம் இருக்குங்களா?" என்றார். எனக்கு ஞாபகம் இல்லை. "எங்க தாத்தா ஊரு முசிறிப் பக்கம், காவேரிக் கரைங்க. துடுப்பு வலிச்சவன், சோறாக்கினவன்னு அந்த நாலாயிரத்துல எங்காளு ஒருத்தன் இருந்திருப்பான்னு நெனச்சுக்கிட்டே படிப்பேன். பேரெல்லாம் வேணாம் சார். சும்மா ஒரு நெனப்புத்தான்." அவரும் என்னைப் போலக் கற்பனைதான் செய்தார், தம்பி. ஆனால் கற்பனை என்று தெரிந்து செய்தார், அதை வைத்து ஒருவரையும் கீழே தள்ளவில்லை. சோழ நாட்டில் இருந்து கடல் தாண்டி வந்த மனிதர்களை நான் ஆயுள் முழுக்கக் கும்பிட்டேன். அதே காவிரிக் கரையில் இருந்து அதே கடலைத் தாண்டி வந்தவரின் பேரன் என் வீட்டுக்கு வந்தபோது கூடையைச் சொல்லிக் காட்டினேன். வாசி, இன்னும் நிறைய நாவல் வாசி, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசிக்கும்போது உனக்கு இனிக்கிற இடத்தில் கொஞ்சம் நின்று, இது யாரை விட்டுவிட்டு எழுதியது என்று பார். நான் குதிரையில் இருந்தவனை மட்டும் பார்த்தேன்.

புவனா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். உள்ளே வந்து, "அங்கிள், அன்னைக்கு எங்கப்பா வீட்டுக்கு வந்து என்ன சொன்னாரு தெரியுமா? கல்லுலயே பேர் இருக்கிற குடும்பம், நம்மள ஒதுக்குனா நியாயந்தான்னாரு. நியாயந்தான்னு! நீங்க திட்டினதுக்காக நான் வேண்டாங்கல. எங்கப்பா அத நம்பினாரு, அதுக்குத்தான்" என்றாள். பிறகு, "இது அவருக்குத் தெரியுமா?" என்று உன்னைக் குறித்துக் கேட்டாள். தெரியாது என்றேன். "அப்ப மொதல்ல அவருக்குச் சொல்லுங்க. வாயால வேணாம், எழுதிக் குடுங்க" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். இதையும் அச்சடிக்கிறேன். அப்பப்பாவின் கல்வெட்டு போன வீடுகளில் இன்றைக்கு யார் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கெல்லாம் அனுப்புவேன், கனடாவுக்கும் சேர்த்து. சுருட்டுச் சுற்றிய பாட்டனுக்கு மேலே யாரென்று தெரியாது என்று என் கையெழுத்தோடு போகும்.

இனி ஒன்றுதான் மிச்சம், எழுத வெட்கமாக இருக்கிறது. புறப்படும்போது பெருமாள் என்னோடு தெரு வரைக்கும் வந்தார். கல்யாணத்துக்குத் தனக்குச் சம்மதம், பிள்ளையும் சம்மதிப்பாள், ஆனால் ஒரு சொல் என்றார். "மாப்ள தனியா வந்து கேட்டா குடுக்க மாட்டேன் சார். அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. அப்பனோட பேசாத வீட்டுக்குப் பொண்ண அனுப்புறதுக்கு எனக்கு மனசில்ல." என் பிள்ளையை எனக்குத் திருப்பித் தரவேண்டிய கடமை அந்த மனிதருக்கு என்ன இருக்கிறது? நான் வாயில் வந்ததைச் சொன்னேன், "அவன் என்னோட வரமாட்டான் பெருமாள், எனக்கு அவனைக் கேக்கிற முகம் இல்லை" என்று. அவர் என் தோளில் கை வைத்து, "கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

கேட்கிறேன், தம்பி.

அப்பா
வெள்ளவத்தை